விரல் மரத்துப்போவது பனியாலா?

கேள்வி: எனக்கு வயது 42. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். கழுத்துக்கட்டிக்காக மூன்று மாதம் முன்பு கோவையில் ஆபரேஷன் செய்து தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். கால்சியம் ஒரு மாதத்தில் தீர்ந்தது, அதோடு விட்டுவிட்டேன். இப்போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. போன வாரம் பறிக்கும்போதே வலது கை இழுத்துக்கொண்டது. பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, இதைப் படித்த அன்றே டாக்டரிடம் போய் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பாருங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பனியில் மரத்த விரல் அடுப்பில் காட்டினால் சரியாகிவிடும். அது உதட்டைச் சுற்றி ஊராது, கையை இழுக்காது. உங்கள் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, மணிக்கட்டு கீழே வளைந்ததா? பிரசவம் பார்ப்பவரின் கை என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கால்சியம் குறைந்தவரின் புஜத்தில் பிரஷர் பார்க்கும் பட்டையை இறுக்கி, மூன்று நிமிடம் அப்படியே வைத்தால் கை இந்த மாதிரி மடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தைராய்டை எடுத்ததற்கும் கால்சியத்துக்கும் என்ன சம்பந்தம்? தைராய்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அரிசி மணி அளவில் பெரும்பாலும் நான்கு சுரப்பிகள் இருக்கும். பெயர் பாராதைராய்டு. பெயரில்தான் உறவு, வேலை முழுக்க வேறு. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், சிறுநீரில் வீணாகப் போகாமல் பிடித்து வைப்பதும், வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவதும் இவைதான். 1880-இல் ஸ்வீடனில் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் மனித உடலில் இவற்றைக் கண்டு எழுதினார். கழுத்துக்கட்டியை எடுத்தபின் சிலருக்குக் கை ஏன் இழுக்கிறது என்பது அந்தக்கால டாக்டர்களுக்குப் புரியவே இல்லை.

தைராய்டை எடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் இவற்றுக்குப் போகும் நூலிழை போன்ற ரத்தக்குழாய்கள் அடிபடலாம். அப்போது சுரப்பிகள் மயங்கிக் கிடக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ விழித்துக்கொள்ளும். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் எழாவிட்டால்தான் நிரந்தரக் குறை என்போம். உங்களுக்கு மூன்று மாதம்தானே ஆகிறது, நம்பிக்கைக்கு நிறைய இடமிருக்கிறது. அதுவரை வெளியிலிருந்து கால்சியம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கால்சியத்தோடு பாஸ்பரஸ், மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு மாத்திரையின் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கால்சியத்தோடு கால்சிட்ரியால் என்ற மாத்திரையும் தருவார்கள். இது உடம்பு அப்படியே பயன்படுத்தக்கூடிய வைட்டமின் டி. பாராதைராய்டு தூங்கும்போது வெயிலில் நின்றால் மட்டும் போதாது. நீங்களாகக் கூட்டிக் குறைக்கவும் கூடாது, கால்சியம் அதிகமானால் சிறுநீரகத்தில் கல் வரும்.

தொண்டை இறுகி மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போகலாம் என்று யோசிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கால்சியத்தை நரம்பு வழியே ஏற்றினால் சீக்கிரமே அடங்கும்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: சுரப்பியே இல்லாத உங்களுக்கு அந்தச் சின்ன மாத்திரைதான் தைராய்டு. நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. சில வாரம் போனபின் முகம் வீங்கும், எந்நேரமும் தூக்கம் வரும், குளிர் தாங்காது. ஊரெல்லாம் ஒரு ஸ்வெட்டரில் இருக்கும்போது உங்களுக்கு மட்டும் இரண்டு தேவைப்பட்டால் அது தைராய்டு குறைந்ததால் இருக்கலாம். கை இழுப்பது கால்சியத்தின் வேலை. இரண்டையும் பனியின் தலையில் போட்டுவிடக் கூடாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் அதை உடம்பில் சேரவிடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் தைராய்டு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ. (அந்தக் குளிரில் டீக்குக் காத்திருப்பது கஷ்டம், தெரியும். மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழிப்பு வந்ததுமே போட்டுவிடுங்கள்.) கால்சியத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் எடுத்தால் சரியாக வரும். தோட்டத்துக்குப் போகும்போது மதிய மாத்திரையைச் சாப்பாட்டுத் தூக்கிலேயே ஒரு சின்னக் கவரில் மடித்து வைத்துவிடுங்கள்.