மருத்துவக் கல்லூரியில் மட்டும் ஏன் இத்தனை நடத்தை விதிகள்?

இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மருத்துவ மாணவர் பட்டம் வாங்கும் முன்பே நோயாளியின் கட்டிலருகே நிற்கிறார். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

உடற்கூறியல் கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிடப்பது ஒரு மனிதரின் உடல். அவரே மனமுவந்து தானம் செய்ததாகவும் இருக்கலாம். அங்கே செல்ஃபி எடுத்தால், முகம் தெரியாவிட்டாலும் தவறுதான். இதில் கல்லூரி கடுமை காட்டுவது சரி என்றே நினைக்கிறேன். வார்டிலும் அப்படித்தான். பெயரை மறைத்து எக்ஸ்ரேயை வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும், தேதி, வயது, நோய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடலாம்.

அப்புறம் நேர்மை. தேர்வில் காப்பி அடிக்கும் கை, பார்க்காத ரத்த அழுத்தத்தையும் பார்த்ததாக எழுதிவிடும். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவர்களுக்கு உரிமம் தரும் மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் மாணவப் பருவப் பதிவுகளைப் புரட்டியது. படிக்கும்போதே நடத்தைக் கோளாறு பதிவானவர்கள் பின்னாளில் நடவடிக்கைக்கு ஆளாகும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. பொறுப்பின்மையும், சொன்னால் திருத்திக்கொள்ளாத குணமும் அதில் முக்கியம்.

வார்டு கோட்டோடு கேன்டீனுக்குப் போகாதே என்ற விதியோ, கிருமி பரவக் கூடாது என்பதற்காக.

ஒருவேளை விதியை மீறியதாக உங்களுக்கே நோட்டீஸ் வந்தால், பயந்து பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். விளக்கம் தரவும் மேல்முறையீடு செய்யவும் எத்தனை நாள் அவகாசம் என்று மாணவர் கையேட்டில் முதலில் பாருங்கள்.