இருபது வருஷ லேத் அனுபவம், இப்போது கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி
அண்ணே, டிப்ளமோ முடித்து வந்த பையன் எல்லார் முன்னாலும் திருத்துகிறான், வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அடுத்த பட்டறையிலும் சிஎன்சிதான், அங்கேயும் ஒரு பையன் இருப்பான்.

முதலில் டூல் ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் டூலின் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் அளவை, அவனிடமே கேளுங்கள். எக்ஸ் அச்சில் (டூல் உள்ளே, வெளியே நகரும் திசை) பெரும்பாலும் விட்டக் கணக்குதான்: விட்டம் 0.05 மி.மீ. குறைய வேண்டுமென்றால் 0.05 அப்படியே போடணும். பழைய லேத் டயலின் ஆரக் கணக்குப் பழக்கத்தில் பாதியாக்கிவிடாதீர்கள். புது புரோகிராமை சிங்கிள் பிளாக்கில், ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) குறைத்து, வரி வரியாக ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், கூட்டத்தில் திருத்துவது தப்புதான். டீ குடிக்கும்போது, "தம்பி, தனியா சொல்லு, கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். டூல் முனையில் மாட்டும் இன்சர்ட் மழுங்கினதைச் சத்தத்திலேயே பிடிக்கும் காது அவனுக்கு இன்னும் வந்திருக்காது. அதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.