பயாஸில் 75 என்பதை 150 ஆக்கினால் கிராபிக்ஸ் கார்டு ஓடுமா?

கேள்வி: என் கணினி 2013-இல் வாங்கியது. ஒருவர் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை விலைக்குத் தருகிறார். அதற்கு 6 பின் மின்இணைப்பு தேவை, என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) அந்த வயர் இல்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடத்தில்) ‘ஸ்லாட் பவர் லிமிட் வேல்யூ’, அதாவது கார்டு செருகும் ஸ்லாட்டின் மின்வரம்பு, 75 என்று இருப்பதை 150 ஆக மாற்றினால் வயர் இல்லாமலே ஓடும் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த எண் மின்சாரத்தைக் கூட்டுகிற திருகு அல்ல, வெறும் அறிவிப்பு. கணினி தொடங்கும்போது, ‘இந்த ஸ்லாட்டிலிருந்து இத்தனை வாட் வரை எடுத்துக்கொள்ளலாம்’ என்று மதர்போர்டு கார்டுக்கு ஒரு தகவல் அனுப்புகிறது. பயாஸில் நீங்கள் மாற்றுவது அந்தத் தகவலை மட்டுமே. ஸ்லாட்டின் ஊசிகளும் அவற்றுக்கு வரும் செப்புக் கோடுகளும் அப்படியேதான் இருக்கும்.

கார்டுகளை மதர்போர்டில் இணைக்கும் முறையான பிசிஐ எக்ஸ்பிரஸின் விதிப்படி, கிராபிக்ஸ் கார்டுக்கான 16 தட (தகவல் பாதை) ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதில் 12 வோல்ட் வழியாக 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், மீதி 3.3 வோல்ட் வழியாக. 6 பின் வயர் தனியாக இன்னொரு 75 வாட் தருகிறது. அந்த வயர் இல்லாவிட்டால் பெரும்பாலான கார்டுகள் படமே காட்டாது. அல்லது வயரைச் செருகச் சொல்லித் திரையில் எச்சரிக்கும்.

பயாஸ் எண் காவலும் அல்ல. 2016-இல் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 480 வெளிவந்தபோது, அது ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்கு மேல் இழுப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினார்கள். பயாஸ் எண் அதைத் தடுக்கவில்லை. ஜூலையில் வந்த புதிய டிரைவர் மென்பொருள்தான் இழுவையைக் குறைத்தது.

அந்த எண்ணுக்கு அருகில் ‘ஸ்கேல்’ என்று ஒன்று இருக்கும், அந்த எண்ணை எதனால் பெருக்குவது என்பதைச் சொல்வது அது. அதில் 0.1 தேர்ந்தெடுத்திருந்தால் 75 என்பது 7.5 வாட் ஆகிவிடும். அதை மதிக்கிற கார்டு இயங்க மறுக்கலாம். இரண்டையும் தொடாதீர்கள். யாராவது மாற்றியிருந்தால் பயாஸை ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்ததாக அவர், டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்றைத் தரக்கூடும். அதையும் மறுத்துவிடுங்கள். சாட்டா மின்இணைப்பின் 12 வோல்ட் ஊசிகள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதன்மேல் 75 வாட் ஏற்றினால் இணைப்பு சூடாகி உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மலிவு என்பதற்காக இதைக் கடைகளில் கூச்சமில்லாமல் விற்பது எனக்குக் கோபம் தருகிறது.

உங்களுக்கு ஏற்றது தனி வயர் கேட்காத கார்டு. ஜி.டி.எக்ஸ். 1650-க்குத் தேவை 75 வாட். ஆனால் அதன் சில மாடல்களில் 6 பின் உண்டு, படத்தைப் பார்த்தே வாங்குங்கள். 6 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 3050-க்கு 70 வாட். ஆர்.எக்ஸ். 6400-க்கு 53 வாட்தான் என்றாலும் அதற்கு 4 தடங்களே இருப்பதால் பழைய மதர்போர்டில் வேகம் குறையும். உங்களுடையது சிறிய பெட்டியில் வந்த அலுவலகக் கணினி என்றால் ஒரு எச்சரிக்கை: அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்லாட்டின் வரம்பே 75 வாட்டுக்குக் கீழ். பணம் கொடுக்குமுன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: ‘ஏ.எஸ்.பி.எம்.’ என்ற அமைப்பை அணைத்தால் விளையாட்டு வேகமாகுமா?

பதில்: வித்தியாசம் தெரியாது. வேலையில்லாத நேரத்தில் ஸ்லாட்டின் தகவல் இணைப்பை உறங்கவைத்து மின்சாரம் மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. வைஃபை கார்டோ என்.வி.எம்.இ. டிஸ்க்கோ அடிக்கடி காணாமல் போனால் மட்டும் அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் லேன் கார்டில் விளக்கு எரிகிறது. பழுதா?

பதில்: இல்லை. வெளியிலிருந்து கணினியை எழுப்பும் வசதிக்காக 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பயாஸில் ‘இ.ஆர்.பி.’யை (அணைத்த நிலையில் மின்செலவைக் குறைக்கும் அமைப்பை) இயக்கினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அந்த எழுப்பும் வசதியும், அணைத்த கணினியின் யு.எஸ்.பி.யில் கைப்பேசி சார்ஜ் ஆவதும் அதோடு நின்றுவிடும்.