தோப்புக்கு வருவோர் தரும் கட்டணம்: விவசாய வருமானமா, வணிக வருமானமா?

உங்கள் தென்னந்தோப்புக்கு வருவோர் தந்த பணம் முழுவதையும் ஆடிட்டர் வணிக வருமானத்தில் சேர்த்தது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வையாளர் கட்டணம் விவசாய வருமானம் ஆகாது. ஆனால் நீங்கள் விற்ற இளநீருக்கும் தேங்காய்க்கும் வரிவிலக்கு உண்டு. பொள்ளாச்சித் தோப்பைச் சுற்றிப் பார்க்கவும், மாட்டுவண்டியில் போகவும், மதியம் சாப்பிடவும் வாங்கும் பணம் நிலத்தில் விளைந்ததன்று என்பதால், அது வணிக வருமானமாகவே கருதப்படும். உங்கள் தோப்புக் காய்களை வாங்குபவர் வியாபாரியா, விருந்தினரா என்பதைப் பொறுத்து அவற்றின் தன்மை மாறுவதில்லை.

அப்படியிருந்தும் ஆடிட்டர் மொத்தத் தொகையையும் வணிகத்தில் சேர்த்ததற்கு, நீங்கள் "தலைக்கு இவ்வளவு, இளநீர் உட்பட" என்று ஒரே ரசீது கொடுத்ததே காரணமாக இருக்கக்கூடும்.

கடந்த மாத ரசீதுகளை எடுத்து, இளநீர், தேங்காய் விலை மட்டும் எதிலாவது தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் இனி விளைபொருளுக்குத் தனி ரசீதுப் புத்தகம் வைத்து, காய்களின் எண்ணிக்கையையும் விலையையும் அதில் எழுதுங்கள். சமையலாள் கூலி, வண்டிச் செலவு போன்றவற்றையும் தனியே குறித்தால், வணிக வருமானத்திலிருந்து அவற்றைக் கழித்துக்கொள்ளலாம். வெள்ளை ஈயும் வேர்வாடல் நோயும் காய்ப்பைக் குறைத்திருக்கும் இந்நாளில் அந்தச் செலவுகளைக் கழிக்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வணிக வருமானம் அடிப்படை விலக்கு வரம்பை (வரி கட்டத் தேவையில்லாத வருமான அளவை) தாண்டி, செலவு போக நிற்கும் நிகர விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்ப்பார்கள். தோப்பிலேயே எண்ணெய் ஆட்டி விற்றால், அந்தத் தொகை முழுவதும் விவசாய வருமானம் ஆகிவிடாது.