ஞாயிற்றுக்கிழமை அறுவடையும் பத்துக் கட்டளையும்

கேள்வி: எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே. மூன்று ஏக்கர் நஞ்சை. மாமியார் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவர். என் கணவர் நான்கு வருடமாகச் சகோதரர் சபைக்குப் போகிறார். போன குறுவைக்கு அறுவடை மிஷின் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. மழை வேறு மிரட்டியது. அத்தை வேண்டாம் என்றார். "நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்லம்மா, கிருபையின் காலத்துல இருக்கோம். பத்துக் கட்டளை இஸ்ரவேலுக்குக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டு இவர் மிஷினை இறக்கிவிட்டார். வீட்டுக்கு எடுத்துவைத்த அந்த நெல்லின் அரிசியை அத்தை தொடுவதில்லை. கடையில் அரிசி வாங்கித் தனியே உலை வைக்கிறார். என் மகனுக்குப் பத்து வயது. கட்டளைகளை மனப்பாடம் செய் என்கிறார் பாட்டி, அதற்கு அவசரமில்லை என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி? கிருபை வந்த பிறகு கட்டளை எதற்கு?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அத்தை தனியே உலை வைக்கிறார் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. அந்த உலைக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கணவர் வேதத்தை எடுத்துப் பேசியிருப்பதால் முதலில் வேதத்தைப் பார்ப்போம்.

அவர் சபையில் கேட்டிருப்பது, தேவன் மனிதரோடு நடந்துகொண்ட வரலாற்றைக் காலங்களாகப் பிரித்துப் படிக்கும் போதனை. அயர்லாந்து திருச்சபையில் குருவாயிருந்து விலகிய ஜான் நெல்சன் டார்பி 19ஆம் நூற்றாண்டில் இதற்கு உருக்கொடுத்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்பு வேதாகமம் இதை உலகமெங்கும் பரப்பியது. குற்றமின்மை, மனசாட்சி, மனித அரசாட்சி, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம் என்று ஏழு காலங்கள். நியாயப்பிரமாணத்தின் காலம், அதாவது மோசே வழியாக வந்த சட்டத்தின் காலம், சீனாய் மலையில் தொடங்கியது, சிலுவைக்குப் பின் நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம் என்பார்கள். "சத்திய வசனத்தை நிதானமாய்ப் பகுத்து" என்ற 2 தீமோத்தேயு 2:15 அவர்கள் அடிக்கடி எடுக்கும் வசனம்.

இங்கே 'காலம்' என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கிரேக்கச் சொல் ஒய்கோனோமியா. அதற்கு வீட்டு நிர்வாகம் என்று பொருள். லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரனின், அதாவது வீட்டு நிர்வாகியின், வேலையைக் குறிக்கும் சொல்லும் இதுதான். டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் குறைந்தால் காவிரியில் சில நாள், வெண்ணாற்றில் சில நாள் என்று முறை வைத்து விடுகிறார்கள். முறை மாறும், மதகு மாறும், தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிற அதே தண்ணீர்.

உங்கள் கணவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்று ரோமர் 6:14 சொல்கிறது. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியவர்கள் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகள் மேல் மோசேயின் நுகத்தை வைக்கக் கூடாது என்றே தீர்மானித்தார்கள். கொலோசெயர் 2:16 ஓய்வுநாள் விஷயத்தில் ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த இடங்கொடாதிருங்கள் என்கிறது. ஓய்வுநாள் தவிர மற்ற ஒன்பது கட்டளைகளின் சாரமும் நிருபங்களில் சபைக்குத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அவர்கள் காட்டுவதும் நியாயமான வாதம்தான்.

ஆனால் ரோமர் 6இல் அடுத்த வசனத்தையும் அவர் வாசித்திருக்க வேண்டும். கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் பாவஞ்செய்யலாமா என்று கேட்டு, "கூடாதே" என்று பவுலே முடித்துவிடுகிறார். கிருபை பொறுப்பிலிருந்து விடுப்பு தருவதாக அவர் எங்கும் எழுதவில்லை. தீத்து 2:11, 12இல் கிருபை ஒரு வாத்தியாரைப் போல நிற்கிறது. தெளிந்த புத்தியோடும் நீதியோடும் தேவபக்தியோடும் பிழைக்க அது நமக்குப் போதிக்கிறது.

இந்தப் போதனையில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அப்போது கட்டளையைக் கைக்கொண்டு இரட்சிக்கப்பட்டார்கள், இப்போது விசுவாசத்தால் இரட்சிக்கப்படுகிறோம் என்று பேசிவிடுகிறார்கள். யோவான் 1:17க்கு ஸ்கோஃபீல்டு எழுதிய குறிப்பே அப்படிப் படிக்க இடங்கொடுத்தது. அதைக் காட்டித்தான் மற்ற சபையார் பல வருடம் இந்தப் போதனையைக் கண்டித்தார்கள். 1965இல் இந்தப் போதனையைச் சேர்ந்த சார்லஸ் ரைரி இதற்குத் தெளிவாகப் பதில் எழுதினார்: எல்லாக் காலத்திலும் இரட்சிப்புக்கு ஆதாரம் கிறிஸ்துவின் மரணம், மனிதரிடம் கேட்கப்படுவது விசுவாசம், காலத்துக்குக் காலம் மாறுவது அந்த விசுவாசத்துக்கு வெளிப்படுத்தப்பட்ட செய்தியின் அளவு. ஆபிரகாமைப் பாருங்கள். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்று ஆதியாகமம் 15:6இல் எழுதியிருக்கிறது. சீனாய் மலைக்கு அது பல நூறு வருடம் முந்தியது.

மலைப்பிரசங்கமும் வரப்போகிற ராஜ்யத்துக்கே முதலாவது உரியது என்று அவர்களில் பழைய போதகர்கள் சொல்வதுண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன வார்த்தை இன்றைக்கு நமக்கு இல்லாவிட்டால் வேறு எப்போது தேவைப்படும்?

இனி அத்தையின் பக்கம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு இந்தக் கரைக்குக் கொண்டுவந்த செல்வங்களில் ஒன்று, அந்தச் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரின் சிறு ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் நூல். அத்தை அதைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகச் சொல்லியிருப்பார். லூத்தரன் வரிசையில் ஓய்வுநாள் மூன்றாம் கட்டளை. அதற்கு லூத்தர் 1529இல் எழுதிய விளக்கத்தை அத்தையையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிரசங்கத்தையும் தேவ வசனத்தையும் அசட்டை பண்ணாமல் பரிசுத்தமாய் எண்ணி, மனதாரக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து. வேலை செய்யாதே என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. லூத்தரன் சபைகள் ஏற்கும் 1530இன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை இன்னும் வெளிப்படை: ஓய்வுநாளுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயமாக்கத் திருச்சபைக்கு அதிகாரமிருந்தது என்று நினைப்பவர்கள் தவறுகிறார்கள் என்கிறது. 1525இல் லூத்தர் பேசிய பிரசங்கம் ஒன்று, மோசேயின் சட்டத்தை யூதருடைய சட்டப் புத்தகம் என்று, ஜெர்மானியருக்கு சாக்சனிச் சட்டம் இருப்பதோடு ஒப்பிட்டே சொன்னது. உங்கள் கணவரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். தாயும் பிள்ளையும் தாங்கள் நினைப்பதைவிடக் கிட்டத்தில் நிற்கிறார்கள்.

ஆனாலும் அத்தையின் மனம் வீணாகக் கலங்கவில்லை. யாத்திராகமம் 34:21 "விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக" என்கிறது. வயலில் கதிர் முற்றி நிற்கும்போது ஓய்ந்திருக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று டெல்டாவில் நெல் போட்ட யாருக்கும் தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்பதும் தெரியும். உபாகமம் 5:14இல் அந்தக் கட்டளைக்குக் காரணமும் சொல்லியிருக்கிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். எகிப்தில் ஒருநாள்கூட ஓய்வு அறியாத ஜனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. வெளிமாவட்டத்திலிருந்து வந்து ராப்பகலாக மிஷின் ஓட்டுகிற பையனை, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் வந்து நிற்கும். இந்தக் கட்டளை நம்மைக் கட்டாது என்றாலும், அதைக் கொடுத்தவரின் மனது இன்னதென்று அதில் தெரிகிறது.

மழை மிரட்டிய நாளில் அறுத்தது பாவமா? இல்லை. துரவில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவீர்கள் அல்லவா என்று கர்த்தரே கேட்டார். ஆனால் நாட்களை விசேஷமாக எண்ணுகிறவர்களைப் பற்றி எழுதிய ரோமர் 14ஆம் அதிகாரத்திலேயே, உன் சகோதரனுக்கு விசனமுண்டாக்கினால் நீ அன்பாய் நடக்கிறவனல்ல என்றும் பவுல் எழுதினார். சாப்பாட்டைப் பற்றி எழுதிய அந்த வரி உங்கள் வீட்டு உலைக்கு அப்படியே பொருந்துகிறது. அத்தையின் மனதைப் புண்படுத்தியது அறுவடையைவிட, பெற்றவளின் வாயை ஒரு வசனத்தால் அடைத்துவிட்டு வயலுக்குப் போனதுதான் என்று எனக்குப் படுகிறது. "அறுத்தது தப்புன்னு நான் நினைக்கலம்மா. உன்னை அப்படிப் பேசிட்டுப் போனது தப்பு" என்று அவர் போய்ச் சொல்லட்டும். அதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

பையன் கட்டளைகளைப் படிக்கட்டும். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதைப் பவுலே எபேசு சபையின் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கும்போது, அவசரமில்லை என்று சொல்ல உங்கள் கணவருக்கு இடமில்லை. ஒன்று மட்டும் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "நான் உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினேன்" என்று தேவன் முதலில் சொன்னதையும் சேர்த்து அவன் படிக்க வேண்டும். ஆட்டுக்குட்டியின் இரத்தம், செங்கடல், அதற்கப்புறம்தான் சீனாய் மலை. விடுதலை பெற்றவர்களுக்குத்தான் கட்டளை வந்தது என்பதைப் பத்து வயதுப் பையன் இந்த வரிசையிலேயே கண்டுகொள்வான். அப்பாவும் கூட உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

தையில் சம்பா அறுப்பு வரும். அதற்கு முன்பே மூன்று பேரும் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மிஷின் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்றாலும் பயப்பட வேண்டாம். தைப்பனி காய்ந்து கதிர் உலர எப்படியும் காலை பத்து மணிக்கு மேல் ஆகும். அதற்குள் கோயிலுக்குப் போய்த் திரும்பிவிடலாம்.