தன்னார்வலர்கள் நடத்தும் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள் திட்டத்துக்கு ஒரே தலைவர் நல்லதா, கமிட்டி நல்லதா?

தொடங்கும்போது ஒருவர் கையில் இருக்கட்டும். ஆனால் அவரை மாற்றுவது எப்படி என்பதை, அவர் பொறுப்பில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். கமிட்டியும் வேண்டும்தான். அது பஞ்சாயத்து பண்ணினால் போதும், மென்பொருளை வடிவமைக்க இறங்க வேண்டாம். இதுதான் என் பதில்.

நான் டர்பனில் இருக்கிறேன். இந்த வழக்கில் இரண்டு கட்சிக்கும் ஆள் கொடுத்த நாடு தென்னாப்பிரிக்கா. 2004-இல் உபுண்டு என்ற கணினி இயங்குதளத்தைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் இந்த நாட்டுக்காரர். 'தன்னைத் தானே நியமித்துக்கொண்ட, நல்லெண்ணம் கொண்ட, ஆயுள்காலச் சர்வாதிகாரி' என்பது அங்கே அவருக்கு வழங்கும் பட்டம். உபுண்டு நிற்பதோ, தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்ற இயங்குதளத்தின் மேல். அந்த டெபியனுக்கு 2020 முதல் 2024 வரை தலைவராக இருந்த ஜோனதன் கார்ட்டரும் தென்னாப்பிரிக்கர்தான். ஆனால் அவர் ஒவ்வோர் ஆண்டும் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். டெபியன் வாக்குச்சீட்டில் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்றும் ஒரு வரி உண்டு. தனியாக நிற்கும் வேட்பாளர்கூட அந்த வரியைத் தோற்கடித்தாக வேண்டும்.

உபுண்டுவில் 2011-இல் யூனிட்டி என்ற புதுத் திரை முகப்பு வந்தது. பலர் கூச்சல் போட்டார்கள், இருந்தும் வந்தது. 2017-இல் அதைக் கைவிடுகிறோம் என்று அறிவித்தவரும் அதே ஷட்டில்வொர்த். டெபியனில் 2014-இல் கணினி எழும்போது மற்ற நிரல்களைத் துவக்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற நிரலை ஏற்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் கமிட்டி சரிபாதியாகப் பிரிந்தது. கடைசியில் கமிட்டித் தலைவரின் தீர்மான வாக்கால்தான் முடிவு வந்தது. மனம் ஒப்பாத சிலர் தேவுவான் என்ற தனித் திட்டமாகப் பிரிந்து போனார்கள்.

இதைப் பார்த்தால் ஒற்றைத் தலைவரே மேல் என்று தோன்றும். ஆனால் ஷட்டில்வொர்த்துக்குப் பின்னால் அவருடைய கேனானிக்கல் நிறுவனம் இருக்கிறது, அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் வாங்குபவர் தனக்குப் பிடிக்காத முடிவையும் செய்து முடிப்பார். தன்னார்வலர் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிடுவார். டெபியனின் சாசனமே இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது: திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. ஆகவே தன்னார்வத் திட்டத்தின் தலைவர் யாரையும் ஏவ முடியாது. அவர் கையில் உண்மையில் இருப்பது 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை ஒன்றுதான்.

அந்த உரிமை ஆளைத் தின்றுவிடும். பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் விலகியது இதனால்தான். பெப் 572 என்ற முன்மொழிவில் இருந்த, அந்த மொழியின் ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்காக அவ்வளவு வசவு வாங்கினார். போகும்போது வாரிசு யாரையும் நியமிக்கவில்லை, நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். பைத்தானின் மைய நிரலாளர்கள் பல நிர்வாக மாதிரிகளை எழுதி, டிசம்பரில் வாக்கெடுத்து, ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு என்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தனக்குள்ள அதிகாரத்தை அந்தக் குழு முடிந்தவரை பயன்படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. கமிட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் அனுபவத்தையும் சொல்கிறேன். வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாங்கள் ஏழு பேர் ஒரு சிறிய திறமூலச் செயலியை எழுதி வருகிறோம். இங்கே எதற்கெடுத்தாலும் முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று கமிட்டி போடுவார்கள். கோயில்கள் அப்படித்தான் நடக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைத் தனி ஆளால் சமாளிக்க முடியுமா? ஆனால் அங்கே என்ன வேலை என்பது போன வருஷமே தெரியும், யார் செய்வது என்று பிரித்துக் கொடுத்தால் போதும். மென்பொருளில் என்ன செய்வது என்பதே ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி.

தமிழ் எழுத்துக்குக் கீழே ரோமன் எழுத்தில் உச்சரிப்பைக் காட்டுவதா வேண்டாமா என்று ஒரு விவாதம் வந்தது. இங்குள்ள பல குடும்பங்கள் தேவாரத்தையே ரோமன் எழுத்தில் பார்த்துத்தான் பாடுகின்றன, அதனால் இது லேசான விஷயம் இல்லை. ஏழு பேரும் கூடிப் பேசினோம். யார் மனமும் நோகக் கூடாது என்று அமைப்புகளில் மூன்று பொத்தான்கள் வந்தன: எப்போதும் காட்டு, காட்டாதே, பாடத்துக்குப் பாடம் மாற்று. சரி, செயலியை முதன்முதலில் திறக்கும்போது எது இருக்க வேண்டும்? திரும்பவும் அதே சண்டை. கடைசியில் வகுப்பு எடுக்கும் அக்காவிடமே கேட்டோம். "முதல் நாலு பாடத்துக்குக் காட்டுங்க, அப்புறம் எடுத்துடுங்க. இருந்தா பிள்ளைங்க கண்ணு தமிழ் எழுத்துக்குப் போகவே போகாது" என்றார். அன்றே மூன்று பொத்தான்களையும் அழித்தோம். எதிர்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் சனிக்கிழமை காலையில் அந்தப் பிள்ளைகளோடு உட்காருபவர் அவர்தான். அதிலிருந்து பாடம் சம்பந்தமான கடைசிச் சொல் அக்காவுடையது, நிரல் சம்பந்தமானது இன்னொருவருடையது. இந்த இருவரும் முட்டிக்கொண்டால் மட்டும் மற்றவர்கள் வாக்களிப்போம்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றின் அடித்தளமான லினக்ஸ் கர்னலில் பெரிய அளவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். வெளியே அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒருவர் பெயர் தெரிகிறது, உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். 2018-இல் லினஸ் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தபோது, 4.19 பதிப்பை அந்தப் பொறுப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார், வேலை நிற்கவில்லை.

உங்கள் திட்டம் சின்னதாக இருந்தால் பெரிய சாசனம் எல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். எந்தப் பகுதியில் யாருடைய சொல் கடைசி, அவர் எத்தனை மாதம் பதில் சொல்லாமல் இருந்தால் பொறுப்பு கைமாறும், அவரை மாற்ற எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும், இவ்வளவுதான். ஆனால் அதை எழுதுவதற்கும் முன்னால், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தின் நிர்வாக உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது, ஆப் ஸ்டோர் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தால், இந்த வாரமே இரண்டாவது ஆளைச் சேர்த்துவிடுங்கள்.