அமெரிக்காவில் பழைய பெரிய செடான் காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரியில் எவ்வளவு மிச்சமாகும்?

மேரிலாந்தில் இருக்கிறீர்கள், 2004 ப்யூக் லெசேபர், ஒன்றரை லட்சம் மைல் தாண்டிவிட்டது, இன்னும் நன்றாக ஓடுகிறது, தானமாகக் கொடுத்தால் வரியும் குறையுமே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வரிக்காகக் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம். கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.

பழைய கார்களின் விலைப் பட்டியலான ப்ளூ புக்கில் 2,000 டாலர் என்று போட்டிருந்தால் அந்த 2,000-ஐயும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று நம் ஆட்களில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2004 வரை ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003-ல் இப்படிக் கொடுக்கப்பட்ட 54 கார்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மீதியை இழுவை வண்டி, விளம்பரம், ஏலக் கமிஷன், இடைத்தரகர் என்று ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டார்கள். அதோடு மதிப்பையும் கூட்டிக் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டத்தை இறுக்கினார்கள்.

2005 முதல் விதி இதுதான்: தானம் பெற்ற நிறுவனம் காரை அப்படியே விற்றுவிட்டால், விற்ற விலைதான் வருமானத்தில் நீங்கள் காட்டக்கூடிய கழிவு. 900 டாலருக்குப் போனால் 900. ஏலத்தில் 500-க்கோ அதற்குக் கீழோ போயிருந்தால் மட்டும், சந்தை மதிப்பு அனுமதிக்கும் வரை 500 டாலர் காட்டலாம். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 900 டாலர் முழுவதும் கழிந்தால் 198 டாலர் மிச்சம். அதுவும் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரி தாக்கல் செய்கிறவருக்குத்தான். 2025-க்கு, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், செலவுக் கணக்கே காட்டாமல் கிடைக்கும் நிலையான கழிவே 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, சொத்து வரி, கோயிலுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டவில்லை என்றால் காரால் ஒரு பைசா லாபமில்லை. வாடகை வீட்டில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு கதை முடிந்தது.

எங்கள் வீட்டில் இருந்தது மெர்க்குரி கிராண்ட் மார்கி. போலீஸ்காரர்கள் ஓட்டிய கிரவுன் விக்டோரியாவுக்குக் கூடப்பிறந்தது, அதே 4.6 லிட்டர் வி8. (நெடுஞ்சாலையில் பின்னால் போனால் முன்னால் போகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார். அந்தச் சுகம் வேறு எந்தக் காரிலும் கிடைக்கவில்லை.) அதைக் கொடுத்தபோது இழுவை வண்டி வந்தது, சில வாரம் கழித்துத் தொண்டு நிறுவனம் தரும் 1098-சி என்ற தானச் சான்றுப் படிவம் வந்தது, ஏலத்தில் விற்ற விலை அதில் இருந்தது. நான் மனதில் வைத்திருந்த விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய செடான்களின் நிலைமை அப்படி. ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் கொரோலாவுக்கும் சிவிக்குக்கும் போட்டி போடுவார்கள். பெட்ரோல் குடிக்கும் பழைய பெரிய வண்டி என்றால் உலோகத்துக்கும் உதிரி பாகத்துக்கும் என்ன வரும் என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

ஆனால் உங்கள் லெசேபரைத் தெருவில் விற்றால் கதை வேறு. அதில் இருப்பது ப்யூக்கின் 3800 வி6. எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் பிளாஸ்டிக்கைத் தவிரப் பெரிதாக நம்பிக்கை துரோகம் செய்யாத எஞ்சின் என்று மெக்கானிக்குகள் நடுவில் அதற்கு நல்ல பெயர். முன் சீட் நீளமாக இருக்கும் ரகமென்றால் பழைய அம்பாசடர் மாதிரி ஆறு பேர் சாவகாசமாக உட்காரலாம். இதெல்லாம் தெரிந்து தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1,800 டாலருக்கு விற்று, அந்தத் தொகைக்குக் காசோலை எழுதி உங்களுக்குப் பிடித்த அமைப்புக்கு அனுப்புங்கள். நடுவில் யாரும் கை வைக்க முடியாது. 2026 முதல் இன்னொரு வசதியும் உண்டு: நிலையான கழிவு எடுப்பவர்களும் பணமாகக் கொடுத்ததில் 1,000 டாலர் வரை, தம்பதியராகச் சேர்ந்து தாக்கல் செய்தால் 2,000 வரை கழிக்கலாம். பணத்துக்கு மட்டும்தான், காருக்குக் கிடையாது.

விற்கவெல்லாம் நேரமில்லை, அந்தக் கார் யாருக்காவது பயன்பட வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால், ஏலத்துக்கு அனுப்பாமல் காரையே ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் அமைப்பாகத் தேடுங்கள். உங்கள் மாநிலத்திலேயே வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் இருக்கிறது. 1999 முதல் பழுதுபார்த்த கார்களை வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு மெக்கானிக் வேலையும் கற்றுத்தருகிறார்கள். இப்படி ஏழைகளுக்குச் சந்தை விலையைவிட வெகு குறைவாகக் கொடுத்தால் விற்ற விலை என்ற வரம்பு பொருந்தாது, முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். சந்தை மதிப்பு என்றால் தனியாள் தனியாளுக்கு விற்கும் விலை, டீலர் விலை அல்ல. ஆனால் அங்கே போகிற எல்லாக் காரும் குடும்பத்துக்குப் போய்விடாது, தேறாததை விற்பார்கள். ஆகவே மைலேஜையும் பழுதையும் சொல்லி, என்னுடையது எந்தப் பக்கம் போகும் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். காரைக் கொடுங்கள் என்று ரேடியோவில் பாட்டுப் போட்டு அழைக்கும் இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விற்ற பணத்தில் தொண்டுக்கு எவ்வளவு போகிறது? மழுப்பினால் விட்டுவிடுங்கள். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இன் தளத்தில் பெயரைத் தேடி, பதிவு பெற்ற அமைப்புதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதென்று முடிவானால், டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், காரைப் பெறும் அமைப்பின் பெயரை நீங்களே எழுதுங்கள், காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கார் வேறு ஆள் பெயருக்கு மாறாமல், உங்கள் பெயரிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். டைட்டிலில் மனைவி பெயரும் இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். கழிவு 500-ஐத் தாண்டினால் 1098-சி-யையும், பணமல்லாத தானத்துக்கான 8283 படிவத்தையும் வரித் தாக்கலோடு இணைக்க வேண்டும். சாலைச் சுங்கம் கட்டும் ஈ-ஸீபாஸ் கருவியைக் கழற்ற மறக்காதீர்கள். மேரிலாந்தில் நம்பர் பிளேட்டைக் கழற்றி வாகனப் பதிவு அலுவலகமான எம்.வி.ஏ.வில் ஒப்படைத்த பிறகுதான் இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் இன்சூரன்ஸ் இல்லாத நாட்களுக்கு அபராதம் போடுவார்கள்.